உழைத்த உடலுக்குத் தளர்வுப் பயிற்சி எதற்கு?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் குறுவை சாகுபடி செய்யும் விவசாயி நான். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு, மழைக்கும் ஈரப்பதக் கணக்குக்கும் பயந்து பல இரவுகளாகத் தூக்கமின்றித் தவிக்கிறேன். தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் செய்யுமாறு மருத்துவர் கூறினார். பகலெல்லாம் வயலில் பாடுபடுகிறவனுக்கு அது எதற்கு?

பதில்: தங்கள் ஐயம் நியாயமானதே. ஆயினும், உடல் களைத்துப்போவதும் தசைகள் தளர்வதும் ஒன்றல்ல. மண்வெட்டி பிடித்த கை வேலை முடிந்ததும் ஓய்ந்துவிடும். தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் நெல்லை நினைத்து இறுகிய தாடையும் தோளுமோ, படுத்த பிறகும் அப்படியே இருக்கும், அவை இறுகியிருப்பதை நாம் உணர்வதும் இல்லை. கவலையும் தசை இறுக்கமும் சேர்ந்தே வருகின்றன, ஒன்றைத் தளர்த்தினால் மற்றதும் தணியும் என்று கண்டு, 1929-இல் இம்முறையை நூலாக வெளியிட்டவர் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன். அவரது பயிற்சி மிக நீண்டது. பெர்ன்ஸ்டைன், போர்கோவெக் என்னும் உளவியலாளர்கள் 1973-இல் அதனை 16 தசைத் தொகுதிகளாகச் சுருக்கினர்.

திண்ணையிலோ நாற்காலியிலோ சாய்ந்து அமர்ந்து, கண்களை மூடிக்கொண்டு, வலது கையை முஷ்டியாக மடக்குங்கள். 5 முதல் 7 விநாடிகள், முழுப் பலத்தையும் காட்டாமல், முன்கையில் இறுக்கம் தெரியும் அளவுக்குப் பிடித்தால் போதும். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக அல்லாமல் ஒரே நேரத்தில் விட்டுவிடுங்கள். அடுத்த அரை நிமிடம் அந்தக் கையில் பரவும் கனத்தையும் வெதுவெதுப்பையும் கவனிப்பதே இப்பயிற்சியின் உயிர்நாடி. பலர் இறுக்குவதில் காட்டும் அக்கறையை விடுவதில் காட்டுவதில்லை, அதனால்தான் பலனில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். இவ்வாறே இடது கை, மேற்கைகள், நெற்றி, கண்கள், தாடை, கழுத்து, தோள்கள், மார்பு, வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று இறங்கி வாருங்கள். தாடைக்கும் தோள்களுக்கும் இரண்டாவது முறையும் செய்வது தங்களுக்கு நல்லது.

நாள் முழுவதும் சேற்றில் நின்ற கால்களில் எளிதாகக் குரக்களி பிடிக்கும் என்பதால், கெண்டைக்காலையும் பாதத்தையும் மெதுவாக, சில விநாடிகள் மட்டுமே இறுக்குங்கள். மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். இரத்தக் கொதிப்போ, இதய நோயோ, முதுகுவலியோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். வலிக்கும் இடத்தை விட்டுவிடலாம்.

தூக்கம் வராத நள்ளிரவில் முதன்முதலாக முயன்று பார்ப்பது வீண். மனம் ஓரளவு அமைதியாக இருக்கும் பகல் வேளையில், தினமும் கால் மணி நேரம், சில வாரங்கள் பழகுங்கள். பழகிய உடல்தான் இரவில் சொன்னபடி கேட்கும். நெல்லின் ஈரப்பதத்தை இப்பயிற்சி குறைக்காது என்பதையும் வெளிப்படையாகவே சொல்கிறேன். தங்கள் கவலைக்குக் காரணம் உண்மையானது. அதைத் தாங்கும் உடலுக்கு ஓய்வு தருவது மட்டுமே இதன் வேலை.

தூக்கமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, பயிற்சியை மட்டும் நம்பியிராமல் மீண்டும் மருத்துவரிடம் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம்.