சொல்லும் பொருளும்: லியைஸன்

கேள்வி: அலுவலகத்தில் 'லியைஸன் ஆபீசர்' என்கிறார்கள். ஆங்கில நாவல்களில் கள்ள உறவுக்கும் 'லியைஸன்' என்றே வருகிறது. இரண்டும் ஒரே சொல்லா?

பதில்: ஒரே சொல்தான். வேர், கட்டுதல் என்று பொருள்படும் 'லிகாரே' என்ற லத்தீன் வினை. பிரெஞ்சு வழியாக 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது சமையல் சொல். சூப்பையும் சாஸையும் கெட்டியாக்கும் முட்டை மஞ்சள் கரு, க்ரீம் கலவைக்கு அந்தப் பெயர். சமையல் கல்லூரிகளில் இன்றும் அதுவே வழக்கு. 3 மஞ்சள் கருவுக்கு ஒரு கப் க்ரீம் என்பது பொதுவான அளவு. கலவையை நேரே கொதிக்கும் சாஸில் ஊற்றினால் கரு திரிந்துவிடும். அதனால் சூடான சாஸைச் சிறிது சிறிதாக எடுத்து முதலில் கலவையில் விட்டுக் கலக்கி, பிறகுதான் பாத்திரத்தில் சேர்ப்பார்கள். அதன்பின் சூடு 85 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது.

காதல் உறவு என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறியது. படைப்பிரிவுகளுக்கிடையே தொடர்பு என்ற பொருள் முதல் உலகப் போரில் நன்றாக வேரூன்றியது. நீங்கள் சொல்லும் ஆபீசர் அந்த வழியில் வந்தவர்.

பிரெஞ்சு இலக்கணத்திலும் இது ஒரு கலைச்சொல். பன்மைப் பெயருக்கு முன்னால் வரும் 'லே' என்ற சொல்லின் கடைசி 'ஸ்' எழுத்தில் உண்டு, தனியே சொல்லும்போது ஒலிக்காது. நண்பர்கள் என்று பொருள்படும் 'அமி' பின்னால் வந்ததும் உயிர்பெற்று 'லேஸமி' ஆகிறது. 'மணி', 'அடித்தான்' சேரும்போது நாம் புதிதாக ஒரு யகரத்தைக் கொண்டுவருகிறோம். அங்கே உறங்கிய மெய்யே விழிக்கிறது. சொற்கள் சேர்வதற்கும் காதலர் கூடுவதற்கும் தமிழிலும் 'புணர்ச்சி' என்ற ஒரே சொல் இருப்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: 'லியைஸ்' என்று எழுதுவது சரியா?

பதில்: சரிதான். 'எடிட்டர்' என்ற பெயரிலிருந்து 'எடிட்' பிறந்ததுபோல, 1920-களில் ராணுவப் பேச்சில் இந்தப் பெயர்ச்சொல்லை வெட்டி உருவாக்கிய வினை இது. ஆனால் ஒருவரை நேரடியாக 'லியைஸ்' செய்ய முடியாது. நடுவில் 'வித்' வேண்டும். எழுத்துக்கூட்டலில் பலரும் இரண்டாவது 'ஐ'யை விட்டுவிடுகிறார்கள். 'ஏ'வுக்கு இருபுறமும் ஒவ்வொரு 'ஐ' இருக்க வேண்டும்.

கேள்வி: இதே வேரில் வேறு சொற்கள் உண்டா?

பதில்: எலும்புகளைப் பிணைக்கும் 'லிகமெண்ட்', அறுவை சிகிச்சையில் ரத்தக் குழாயைக் கட்டும் 'லிகேச்சர்', உலோகக் கலவையான 'அலாய்', நட்பு நாட்டைக் குறிக்கும் 'அலை', கடமையால் கட்டும் 'ஒப்ளைஜ்'. 'ரிலிஜன்' பற்றி மட்டும் கருத்து வேறுபாடு இருக்கிறது: பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் அதை 'கட்டு' என்ற வேரோடு சேர்த்தார், அவருக்கு முன்பே ரோமானியப் பேச்சாளர் சிசரோ 'மீண்டும் ஓதுதல்' என்ற வேறு வேரைக் காட்டியிருந்தார்.