கிணற்றைப் பார்த்து மீனை வாங்குங்கள்

வாசகர் கேள்வி பதில் – வீட்டு மீன்தொட்டி

உருத்திரபுரத்தில் இருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: மூன்றடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்று தம்பி செய்து தந்திருக்கிறார், அகலம் 15 அங்குலம், உயரம் 18. நிறையச் செடி வைத்து, தென் அமெரிக்காவின் சாதுவான மீன்களை மட்டும் விட ஆசை. நியோன் டெட்ரா, ஏஞ்சல், டிஸ்கஸ் மூன்றையும் ஒன்றாக விடலாமா? தண்ணீர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான், கேத்தலில் வெள்ளையாகப் படியும். தகரக் கூரை வீடு, பகலில் நல்ல வெக்கை.

பதில்: டீச்சர், விடை உங்கள் கடைசி இரண்டு வரியிலேயே இருக்கிறது. கேத்தலில் வெள்ளை படிகிறது, அதாவது தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கூரை தகரம். முதலில் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு யோசிப்போம், மீனின் அழகை அப்புறம் பார்க்கலாம்.

நியோன் டெட்ராவுக்கு 21 முதல் 25 பாகை வரைதான் சுகம். சித்திரை, வைகாசியில் உங்கள் தொட்டித் தண்ணீர் 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் நியோன் உடனே செத்துவிடாது, ஆனால் நிறம் மங்கி, ஒதுங்கி நின்று, ஒவ்வொன்றாகக் குறையும். கிட்டத்தட்ட அதே அழகோடு சூட்டைத் தாங்கும் மீன் ஒன்று இருக்கிறது, கார்டினல் டெட்ரா. கடையில் இரண்டையும் மாற்றிச் சொல்லி விற்பார்கள், அதனால் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நியோனில் சிவப்புக் கோடு உடம்பின் பின் பாதியில் மட்டும் இருக்கும், கார்டினலில் அது தலையில் இருந்து வால் வரை ஓடும். கார்டினலின் சொந்த ஊர் ரியோ நீக்ரோ, ஒறினோகோ ஆறுகளின் பக்கம். காட்டுக்குள் இலை ஊறித் தேயிலைச் சாயம்போல நிற்கும் தண்ணீர், அதில் சுண்ணாம்பு என்ற பேச்சே இல்லை. அதனால் சூட்டில் தப்பிக்கிற மீன் உங்கள் கிணற்றில் மாட்டிக்கொள்ளும். அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஏஞ்சல் மீனைச் சாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு ரூபாய்க் குத்தி அளவில் வாங்கும்போது சாதுதான். வளர்ந்து கையகலம் ஆனதும் வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கும், நியோன் சரியாக அந்த அளவுதான். காட்டில் சின்ன டெட்ராக்கள் அதற்குச் சாப்பாடு, இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. ஏஞ்சல் வேண்டும் என்றால் ஏஞ்சலும் பெரிய உடம்புள்ள டெட்ராவும், சின்ன டெட்ரா வேண்டும் என்றால் ஏஞ்சல் வேண்டாம். டிஸ்கஸை இப்போதைக்கு விடுங்கள். அது 28 முதல் 30 பாகை கேட்கும், அது நமக்குச் சும்மா கிடைக்கிறது, ஆனால் சுண்ணாம்பு குறைந்த மென்மையான தண்ணீரும், அடிக்கடி தண்ணீர் மாற்றமும், நல்ல காசும் சேர்த்துக் கேட்கும்.

சரி, எதை விடலாம்? கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றப் போகிறீர்கள் என்றால் முதல் பெயர் கப்பி. முகம் சுளிக்காதீர்கள். நுளம்புக் குடம்பி தின்னக் கிணற்றிலும் தொட்டியிலும் விடுகிற அதே கப்பி வெனிசுலா, கயானா பக்கத்து மீன், அசல் தென் அமெரிக்கா. சுண்ணாம்புத் தண்ணீரில் அது குறைவதற்குப் பதில் பெருகும். ஆண் மீன்களை மட்டும் ஒரு கூட்டமாக விட்டால் குஞ்சுத் தொல்லை இல்லை, நிறமும் ஆணில்தான். அதன் சின்ன உறவு எண்ட்லர், அதுவும் வெனிசுலா. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் கலந்துவிடும், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கூட்டமாகத் திரிகிற டெட்ரா வேண்டும் என்றால் பராகுவே பக்கத்துக் கறுப்பு டெட்ரா கெட்டிக்காரி, ஆனால் வெக்கைக் காலத்தில் விசிறி வேண்டும், கப்பியின் நீள வாலைக் கடித்துப் பார்க்கவும் செய்யும்.

அடியில் கொறிடோரஸ். இதை வாங்காமல் விட்டீர்கள் என்றால் தொட்டியில் பாதிச் சந்தோஷம் போச்சு. மீசையால் மணலைக் கிண்டிக்கொண்டு கூட்டமாகத் திரியும், யாரோடும் சண்டை இல்லை. திடீரென்று ஒன்று நேரே மேலே பாய்ந்து, ஒரு வாய் காற்றை விழுங்கி, அதே வேகத்தில் கீழே வந்து விழும். பயப்பட வேண்டாம், குடலாலும் காற்றை உறிஞ்சுகிற மீன் அது. ஒரு நாளில் சில தடவை என்றால் இயல்பு. எல்லாமே மாறி மாறி மேலே ஓடுகின்றன என்றால் தண்ணீரில் ஒட்சிசன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். வெண்கல நிறக் கொறிடோரஸும், புள்ளி போட்ட ஸ்டெர்பையும் நம் சூட்டுக்குச் சரி. பெப்பர் என்று விற்கிற சாம்பல் புள்ளிக்காரர் தெற்கே, குளிர்ந்த பக்கத்தவர், அவரை விட்டுவிடலாம். ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள். அடியில் கூரான கல் வேண்டாம், மீசை தேய்ந்து போகும். கழுவிய ஆற்று மணல் போதும்.

இனி, கிணற்றுச் சுண்ணாம்புக்குச் சொன்ன அந்த வழி. மாரி மழை. தகரக் கூரையில் முதல் இரண்டு மூன்று மழை கழுவிப் போகட்டும், அப்புறம் மூடி போட்ட பரலில் பிடியுங்கள். (ஓட்டுக் கூரை இன்னும் நல்லது, தகரத்தில் துத்தநாகப் பூச்சு இருக்கும்.) மழைத் தண்ணீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்த சுண்ணாம்பு, இல்லை என்றே சொல்லலாம். உங்கள் கிணற்றின் கடினத்தன்மை லீற்றருக்கு 300 மில்லிகிராம் காட்டுகிறது என்று வைப்போம். ஒரு பங்கு கிணறு, இரண்டு பங்கு மழை என்றால் 100க்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரில், பண்ணையில் பிறந்த கார்டினலும், ரம்மினோஸ் டெட்ராவும், ராம் சிக்லிட் ஒரு சோடியும் நிம்மதியாக இருக்கும். ராம், வெனிசுலா கொலம்பியாவின் லானோஸ் சமவெளி மீன். அங்கேயும் நம் வன்னிபோல ஒரு காலம் வெள்ளம், மறுகாலம் வறட்சி, வெயிலும் அப்படித்தான், அதனால் 28, 30 பாகை அதற்குப் பழக்கம். முட்டையிடும் நாட்களில் மட்டும் சிற்றிடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை விரட்டும். ரம்மினோஸை நான் கூடுதலாகப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதன் மூக்கு. தண்ணீர் நன்றாக இருந்தால் முகம் செக்கச் சிவந்திருக்கும், கெட்டால் ஒரே நாளில் வெளிறிப் போகும். பரிசோதனைப் பெட்டி வாங்கக் காசில்லாதவருக்கு இதைவிட மலிவான கருவி கிடையாது.

உங்கள் தொட்டி ஏறக்குறைய 160 லீற்றர். ரம்மினோஸ் அல்லது கார்டினல் பதினைந்து, கொறிடோரஸ் எட்டு, ராம் ஒரு சோடி. அவ்வளவுதான், நிறுத்துங்கள். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, 25 பாகையில் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் அளவில் கரையும், 32இல் 7.3 அளவுதான். குளிர் நாட்டுக்காரர் எழுதி வைத்த மீன் கணக்கு நமக்குக் கொஞ்சம் அதிகம். தண்ணீரும் மணலும் கண்ணாடியும் சேர்ந்து இருநூறு கிலோவைத் தாண்டும், மேசையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடுங்கேணித் தம்பி ஒருவர்: எங்கள் ஊரில் குடிதண்ணீருக்காக, தண்ணீரில் உள்ள உப்பை வடித்தெடுக்கிற ஆர்.ஓ. நிலையம் இருக்கிறது. அந்தத் தண்ணீரையே தொட்டிக்கு ஊற்றினால் என்ன? பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) குறைய வாதுமை இலை போட்டால் போதும் என்றும் ஒருவர் சொல்கிறார்.

பதில்: தண்ணீர் என்ற அளவில் ஆர்.ஓ. அருமையானது. தனியாக ஊற்றக் கூடாது, அதில் உப்பே இல்லாததால் பி.எச். நிலையில்லாமல் ஆடும். கிணற்றுத் தண்ணீரோடு கலந்தால் சரி. ஆனால் தம்பி, சிறுநீரக நோய்க்குப் பயந்து சனம் கானோடு வரிசையில் நிற்கிற இடத்தில் மீனுக்காக நாலு கான் பிடிப்பது எனக்கு ஒப்பவில்லை. மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அதுவும் முடியாது என்றால் கப்பி வளருங்கள்.

வாதுமை இலை, உங்கள் பக்கம் கொட்டங்காய் என்றும் சொல்வார்கள், நல்ல பொருள்தான். தண்ணீர் பொன்னிறமாகும், ராமுக்கும் கார்டினலுக்கும் பிடிக்கும், பூஞ்சை பிடிப்பதையும் ஓரளவு தடுக்கும். ஆனால் சுண்ணாம்புத் தண்ணீரின் பி.எச். அதற்கு இறங்காது. இலை விடுகிற அமிலத்தைத் தண்ணீரில் உள்ள காபனேற்று தின்றுவிடும். மழைத் தண்ணீர் கலந்து மென்மையாக்கிய தண்ணீரில்தான் இலைக்கு வேலை.

இன்னொன்றும் கவனியுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தொட்டித் தண்ணீர் நன்றாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும், சுண்ணாம்பு உள்ளேயே நிற்கும். அதன்மேல் திரும்பத் திரும்பக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினால் மாதம் போகப் போகக் கடினம் ஏறிக்கொண்டே இருக்கும். வற்றினதை நிரப்ப மழைத் தண்ணீர், வாராவாரம் கால்வாசி மாற்றும்போது கலந்த தண்ணீர், இப்படிப் பழகுங்கள். அதே கச்சான் காற்றில் ஒரு நன்மையும் உண்டு, காற்று வறண்டிருப்பதால் கணினியில் இருந்து கழற்றிய சின்ன விசிறியை நீர்மட்டத்தின்மேல் ஓடவிட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கும்.

முல்லைத்தீவில் இருந்து ஓர் அக்கா: கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் முருகைக்கல்லும் வைத்து அழகாகச் செய்தேன். செடிகள் மஞ்சளாகின்றன. கொழும்பில் வாங்கிய கிரிப்டோகொறைனின் இலை எல்லாம் ஒரு கிழமையில் கூழாகிவிட்டது.

பதில்: அக்கா, சிப்பியையும் முருகைக்கல்லையும் இன்றைக்கே வெளியே எடுங்கள். அவை சுண்ணாம்பு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரை இன்னும் கடினமாக்கும். எந்தக் கல்லையும் வைக்கும் முன் மேலே கொஞ்சம் வினாகிரி விடுங்கள், நுரைத்தால் அது நம் தொட்டிக்கு ஆகாது. கடல் மணலும் அப்படித்தான்.

கிரிப்டோகொறைனைப் பிடுங்கி எறிந்துவிடவில்லையே? இடம் மாறினால் அது இலையைக் கரைத்துவிடும், வேர் உயிரோடு இருக்கும். கூழான இலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மூன்று நாலு கிழமை பொறுங்கள், உங்கள் தண்ணீருக்கு ஏற்ற புது இலை வரும். உலகமெங்கும் மீன்தொட்டிகளில் வளர்கிற கிரிப்டோகொறைன் வென்ட்டி நம் இலங்கைச் செடி. கடினத் தண்ணீர், குறைந்த வெளிச்சம் இரண்டையும் தாங்கும். தென் அமெரிக்க மீனுக்கு இலங்கைச் செடியா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும், மீன் கேட்காது. காட்டு ஓடையில் போய்ப் பிடுங்க வேண்டாம், நாற்றுமேடைச் செடியே மலிவாகக் கிடைக்கிறது. நடுவில் ஓர் அமேசன் வாள்செடி வைத்தால் போதும், அது வேரால் சாப்பிடுகிற செடி என்பதால் மணலுக்குள் உரக்குளிசை ஒன்று புதையுங்கள். விளக்கு ஆறேழு மணி நேரம், யன்னல் வெயில் படாத இடம்.

மாங்குளத்தில் இருந்து ஓர் ஐயா: பாசி தின்னும் என்று கடைக்காரர் தந்த சக்கர் மீன் இப்போது ஓரடியாகிவிட்டது, செடியைப் பிடுங்கி எறிகிறது. ஊர்க் குளத்தில் விட்டுவிடட்டுமா?

பதில்: வேண்டாம் ஐயா. அதுவும் தென் அமெரிக்க மீன்தான், சாதுவும்தான், ஆனால் ஒன்றரை அடி வரை போகும். இலங்கையில் ஏற்கெனவே சில நீர்த்தேக்கங்களில் இப்படி விடப்பட்ட சக்கர்கள் பெருகிக் கிடக்கின்றன. கரையைக் குடைந்து முட்டையிடும், வலையில் சிக்கினால் முள்ளால் வலையைக் கிழிக்கும், யாரும் வாங்கவும் மாட்டார்கள். ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் எங்கிருந்து வந்து நம் குளங்களை மூடின? அதே தென் அமெரிக்காவில் இருந்துதான். சல்வீனியா 1939இல் கொழும்புக்கு வந்தது, இன்னும் போகவில்லை. கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் பெரிய சீமெந்துத் தொட்டி வைத்திருக்கிற யாருக்காவது கொடுங்கள். பாசிக்கு ஆள் வேண்டும் என்றால் பிறிசல்நோஸ் ஒன்று வாங்குங்கள், நாலைந்து அங்குலத்தோடு நின்றுவிடும், ஆணுக்கு மூக்கின்மேல் தாடி முளைத்திருக்கும். அதற்கு ஒரு மரத்துண்டு வேண்டும், சுரண்டித் தின்னும். காய்ந்த கொய்யா வேரை அவித்துப் போட்டால் போதும்.

பரந்தன் தம்பி: கொழும்பில் வாங்கி இரவு பஸ்ஸில் கொண்டு வந்த கார்டினல் எல்லாம் மறுநாள் மதியத்துக்குள் செத்துவிட்டது. பஸ்ஸில் குலுங்கியதாலா?

பதில்: குலுக்கல் காரணமாக இருக்காது. கொழும்புத் தண்ணீர் மென்மையானது, உங்கள் தண்ணீர் அப்படியில்லை, அதுதான் ஒன்று. தொட்டி எப்போது வைத்தீர்கள் என்று எழுதவில்லை, அதற்கு முதல் நாள் என்றால் அது இரண்டாவது. மீனின் கழிவில் வருகிற அமோனியாவைத் தின்னும் பற்றீரியா பில்டரில் உருவாக நாலு முதல் ஆறு கிழமை வேண்டும், நண்பரின் பழைய தொட்டியில் இருந்து அழுக்குப் பஞ்சுத் துண்டு ஒன்று வாங்கிப் போட்டால் சீக்கிரம் வரும். பி.எச். 8 தண்ணீரில் அதே அளவு அமோனியா பி.எச். 7இல் இருப்பதைவிடப் பத்து மடங்கு அளவில் நஞ்சாகும், அதனால் நம் கிணற்றுத் தண்ணீரில் அவசரப்படவே கூடாது.

அடுத்த முறை பையில் ஒட்சிசன் அடிக்கச் சொல்லி, ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வாருங்கள். வீட்டில் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு ஒரு வாளியில் ஊற்றி, அரை மணி நேரத்துக்குக் கோப்பை கோப்பையாகத் தொட்டித் தண்ணீரைச் சேருங்கள். மீனை வலையால் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அன்றைக்கு விளக்கும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம்.

புளியங்குளத்தில் இருந்து: கரண்ட் போனால் என்ன செய்வது? உயிருள்ள சாப்பாட்டுக்கு வாளியில் நுளம்புப் புழு வளர்க்கலாமா?

பதில்: கரண்ட் போனால் மீனுக்குச் சாப்பாடு போடாதீர்கள், பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்பு ஒன்று வாங்கி வையுங்கள், அது இல்லாதபோது ஒரு செம்பால் தண்ணீரை அள்ளி மேலே இருந்து ஊற்றினாலும் பிழைக்கும். வாளிப் புழு வேண்டாம். டெங்குக் காலத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் மீனுக்குத்தான் வளர்க்கிறேன் என்ற கதை எடுபடாது, தண்டம் கட்டிவிட்டுத்தான் வருவீர்கள்.