விற்றார்களா, பாட்டத்துக்கு விட்டார்களா?

கேள்வி: தக்கலையில் டாக்சி ஓட்டுகிறேன். மாதத்தில் பாதி நாள் திருவனந்தபுரம் ஏர்போர்ட் ஓட்டம், மீதி திருநெல்வேலிப் பக்கம். நாடாளுமன்றத் தேர்தல் பேச்சு வந்தாலே ஒரு கட்சிக்காரர், "ஏர்போர்ட், ரோடு எல்லாத்தையும் வித்துட்டாங்க" என்கிறார். மற்றவர், "எதையும் விக்கல, குத்தகைதான்" என்கிறார். யார் சொல்வது சரி? நம் எம்.பி. நினைத்தால் டோலும் ஏர்போர்ட் கட்டணமும் குறையுமா? வேட்பாளர் வாசலுக்கு வரும்போது என்ன கேட்கலாம்?
- வாசகர், தக்கலை

பதில்: சட்டப்படி இரண்டாமவர் சொல்வது சரி. ஆனால் அதைக் கேட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்விட வேண்டும் என்று அவர் நினைத்தால், அங்கேதான் தப்பு.

ரப்பர் விளையைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்டுப் பழகிய ஊர் நம்முடையது. ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், நம் பெயரில் இருக்கும். பால் வெட்டுவதும் ஷீட் அடிப்பதும் பாட்டக்காரர். எத்தனை வருஷம், எத்தனை நாளைக்கு ஒரு வெட்டு, கடைசி வருஷங்களில் மரத்தைக் கசக்கிப் பிழியலாமா என்பதெல்லாம் பேசி எழுதாமல், "ஆதாரம் என் கையில்தானே இருக்கு" என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். விமான நிலையமும் அப்படித்தான். பெயர் யாருடையது என்பதைவிட, பாட்டச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

2019 பிப்ரவரியில் ஆமதாபாத், லக்னோ, ஜெய்ப்பூர், மங்களூரு, குவாஹாட்டி, திருவனந்தபுரம் என்று ஆறு நிலையங்களுக்கு ஏலம் நடந்தது. ஒரு பயணிக்கு இவ்வளவு என்று இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு யார் அதிகம் தருகிறார்களோ அவர்களுக்கு நிலையம். ஆறையும் அதானி குழுமமே எடுத்தது. திருவனந்தபுரத்துக்கு அவர்கள் கேட்டது 168 ரூபாய். கேரள அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் கேட்டது 135. வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் நின்றிருந்தால் கேரளத்துக்கு வாய்ப்பு கிடைத்திருக்கும். 19 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 2020-ல் கேரளச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மாநில அரசு தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021 அக்டோபர் 14-ல் நிர்வாகம் கைமாறியது. பாட்டக் காலம் 50 ஆண்டு. அந்த வருஷம் முதல் ஓட்டுப் போட்ட 18 வயதுப் பையனுக்கு, நிலையம் திரும்பி வரும்போது வயது 68. இடையில் பத்து மக்களவைத் தேர்தலாவது வந்து போயிருக்கும்.

அந்த 168 ரூபாயைத்தான் டிக்கெட்டில் பிடிக்கிறார்கள் என்று பலர் சொல்கிறார்கள். உங்கள் காரில் ஏறும் வளைகுடாப் பயணிகளும் சொல்லியிருப்பார்கள். அது சரியல்ல. ஒப்பந்தப்படி அந்தத் தொகையைக் கட்டணக் கணக்கில் ஏற்றக் கூடாது. டிக்கெட்டில் வருவது பயனர் மேம்பாட்டுக் கட்டணம். தனியார் வருவதற்கு முன்பும் அது இருந்தது. அதை நிர்ணயிப்பது 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம், சுருக்கமாக ஏரா. நிலையத்தில் போட்ட முதலீடு, அதற்கு இவ்வளவு லாபம், தேய்மானம், நடத்தும் செலவு எல்லாவற்றையும் கூட்டி, கடை, விளம்பரம், பார்க்கிங் போன்ற வருமானத்தில் 30 சதவீதத்தைக் கழித்து, மிச்சத்தைப் பயணிகள் தலையிலும் விமான நிறுவனங்கள் தலையிலும் பிரித்துப் போடுவார்கள். திருவனந்தபுரத்தில் 2024 ஜூலையிலிருந்து உள்நாட்டில் புறப்படுபவருக்கு 770 ரூபாய், வெளிநாட்டுக்கு 1,540. வந்து இறங்குபவருக்கும் 330, 660 என்று போட்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு படி ஏறுகிற மாதிரி உத்தரவு.

இதில் உங்கள் தொழிலுக்கு ஒரு சங்கதி இருக்கிறது. பயனர் கட்டணத்துக்கு ஏராவின் கடிவாளம் உண்டு. பார்க்கிங்குக்கும் கடை வாடகைக்கும் அது கிடையாது; அங்கே நடத்துபவர் வைத்ததுதான் விலை. பயணிக்கு வலி டிக்கெட்டில் தெரியும், டாக்சிக்காரருக்கு ரசீதில்.

சரி, எம்.பி.யால் ஆகுமா? ஆறு நிலையங்களையும் கொடுக்கும்போது நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. 2003-ல் இந்திய விமான நிலைய ஆணையச் சட்டத்தில் 12ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மத்திய அரசின் ஒப்புதல் இருந்தால் ஆணையமே குத்தகைக்கு விடலாம் என்பது அதன் சாரம். அது வாஜ்பாய் அரசு. டெல்லி, மும்பை நிலையங்கள் 2006-ல் தனியார் கைக்குப் போனது மன்மோகன் சிங் அரசில். கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்தைத் தனியாரிடம் விடும் ஒப்பந்தத்தில் 2015-ல் கையெழுத்திட்டது உம்மன் சாண்டியின் காங்கிரஸ் கூட்டணி அரசு. அதற்குப் பின் வந்த இடதுசாரி அரசும் அதே ஒப்பந்தத்தில்தான் துறைமுகத்தின் முதல் கட்டத்தைக் கட்டி முடித்தது. (அதற்குக் கல் ஏற்றிக்கொண்டு நம் மலைகள் லாரியில் களியக்காவிளை தாண்டிய கதை தனி.) ஆகவே மேடையில் யார் தொண்டை கிழியப் பேசினாலும், அவர்கள் கட்சி ஆட்சியில் இருந்தபோது எதில் கையெழுத்துப் போட்டது என்று பார்த்துவிட்டுக் கைதட்டுங்கள்.

எம்.பி. தனி ஆளாக "நான் தடுப்பேன்" என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1985-லிருந்து கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. அவையில் கொறடா சொல்கிறபடிதான் வாக்கு. ஆனால் அவர் கையாலாகாதவரும் அல்ல. விமான நிலையம், தேசிய நெடுஞ்சாலை, ரயில், பெரிய துறைமுகம் எல்லாம் அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியல். நிலையம் கேரளத்தில் இருப்பதால் நமக்குப் பேச்சில்லை என்று நினைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் கேரளச் சட்டமன்றமே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. கேள்வி கேட்கும் உரிமை மக்களவையில் திருவனந்தபுரம் எம்.பி.க்கு எவ்வளவோ, கன்னியாகுமரி எம்.பி.க்கும் அவ்வளவே. மின்சாரம் பொதுப் பட்டியல், குடிநீர் மாநிலப் பட்டியல். குடிநீர் வரியைக் குறைப்பேன் என்று மக்களவை வேட்பாளர் சொன்னால் ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நம் மாவட்டத்திலேயே பார்த்த இன்னொன்று. 2016-ல் மத்திய அமைச்சரவை இனயத்தில் சரக்குப் பெட்டகங்களைக் கப்பல் விட்டுக் கப்பல் மாற்றும் துறைமுகத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. கடற்கரை ஊர்கள் எழுந்தன. இடத்தைக் கன்னியாகுமரிப் பக்கத்துக் கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே மாற்றிப் பார்த்தார்கள், அங்கேயும் எதிர்ப்பு. 2019 தேர்தலில் அது தொகுதி முழுக்கப் பேச்சானது. துறைமுகம் நல்லதா கெட்டதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. யாரோடும் ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்னால் சண்டை நடந்ததால் அந்தச் சண்டைக்கு எடை இருந்தது. திருவனந்தபுரத்தில் ஏலம் முடிந்தபின் நடந்த சண்டைக்கு அது இல்லை. முடிந்துபோன குத்தகையை ரத்து செய்வேன் என்று யாராவது சொன்னால், இழப்பீடு எவ்வளவு, அது யார் பணம் என்று கேளுங்கள். இனி வரப்போகும் குத்தகைக்கு உங்கள் கட்சியின் நிபந்தனை என்ன என்பதுதான் வேட்பாளரிடம் கேட்கத் தகுந்த கேள்வி. எத்தனை ஆண்டு, கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டா, கூட்டம் குறைந்து நஷ்டம் வந்தால் யார் தலையில், திருப்பித் தரும்போது ஓடுதளமும் சாலையும் எந்த நிலையில் இருக்க வேண்டும்? முழுப் பதில் கிடைக்காது. அவர் எந்த இடத்தில் பேச்சை மாற்றுகிறார் என்று பாருங்கள்.

டோலுக்கு வருவோம். அரசுச் சொத்துகளை நடத்தும் உரிமையைக் கொடுத்துப் பணம் திரட்ட மத்திய அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்த 6 லட்சம் கோடி ரூபாய் பணமாக்கல் திட்டத்தில் சாலைகளின் பங்கு மட்டும் 1.6 லட்சம் கோடி. போட்டு முடித்த சாலையில் 20, 30 ஆண்டு டோல் வசூலிக்கும் உரிமையைக் கொடுத்து மொத்தமாக முன்பணம் வாங்குவது அதில் ஒரு வழி. ஆனால் அரசே வசூலித்தாலும் தனியார் வசூலித்தாலும் கட்டண விதி ஒன்றுதான்: 2008-ஆம் ஆண்டு விதிகள். ஆண்டுக்கு 3 சதவீதம், அதோடு மொத்த விற்பனை விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதம் என்று தானாக ஏறும். தேர்தலுக்கும் இதற்கும் உள்ள உறவைப் பார்க்க 2024 போதும். ஏப்ரல் 1-ல் ஏற வேண்டிய கட்டணத்தைத் தேர்தலுக்காகத் தள்ளி வைத்தார்கள். கடைசிக் கட்ட வாக்குப்பதிவு ஜூன் 1. கட்டணம் ஏறியது ஜூன் 3. ஓட்டு எண்ணியது ஜூன் 4.

உங்கள் வண்டிக்கு இப்போதே ஒரு வழி இருக்கிறது. சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கான மாதப் பாஸும், 2025-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டுப் பாஸும் சொந்த உபயோக வண்டிகளுக்கு. மஞ்சள் போர்டுக்குக் கிடையாது. ஆனால் சாவடி இருக்கும் மாவட்டத்திலேயே பதிவான வணிக வண்டிக்கு, தேசியப் பெர்மிட் இல்லாவிட்டால், பாதிக் கட்டணம் என்று அதே விதிகள் சொல்கின்றன. சர்வீஸ் ரோடோ மாற்று வழியோ இருந்தால் இது செல்லாது. திருப்பதிசாரம் சாவடியில் ஆர்.சி. புத்தகத்தோடு போய்க் கேளுங்கள். நாங்குநேரி திருநெல்வேலி மாவட்டம், திருவல்லம் கேரளம். அந்த இரண்டிலும் இந்தப் பேச்சு எடுபடாது.

ஏர்போர்ட் கட்டணத்துக்கு இப்போது இருக்கும் உத்தரவு 2027 மார்ச் வரை. அடுத்த ஐந்தாண்டுக்குக் கட்டணம் போடும் முன் ஏரா ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு, எழுத்தில் கருத்துக் கேட்கும். விமான நிறுவனங்கள் வக்கீல் வைத்து எழுதும். உங்கள் டாக்சி சங்கம் ஒரு பக்கம் எழுதத் தடை ஒன்றுமில்லை. எழுதும் முன், பார்க்கிங்கில் ஆண்டுக்கு எவ்வளவு வசூலானது, கட்டணக் கணக்கில் அதில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஏராவிடமே கேளுங்கள். பத்து ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர், 30 நாள் கெடு. பதில் வந்தால் ஒரு நகலை வேட்பாளர் வரும்போதும் கையில் வைத்திருங்கள்.