பாறைப் பல்லிக்குப் பத்தாயிரமா?

கேள்வி: பாபநாசம் அடிவாரத்தில் எங்கள் பட்டா நிலத்தில் வாழை போட்டிருக்கிறோம். கிணற்றை ஒட்டிய பாறையில் விரல் நீளத்துக்கு ஒரு பல்லி திரிகிறது. என் மனைவியின் ஊர் புளியங்குடி. அந்தப் பக்க மலையிலும் இதே மாதிரி பார்த்திருக்கிறேன், ஆனால் புள்ளிகள் வேறு. ஒருவர் வந்து, "இது புது இனம், நாலு பிடித்துக் கொடுங்கள், பத்தாயிரம் தருகிறேன், உங்கள் அப்பா பெயரையே வைத்துவிடலாம்" என்கிறார். உண்மையாக இருக்குமா? புது இனம் என்றால் வனத்துறை நிலத்தை எடுத்துக்கொள்ளுமா?

பதில்: கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் பண்ணியிருக்கும், அதை முதலில் முடித்துவிடுவோம். எடுக்காது. பட்டா நிலத்தில் ஒரு புது உயிரினம் இருப்பதாலேயே அது காடாகிவிடாது. நிம்மதியாக வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.

இனி பல்லி. புளியங்குடி மலையும் உங்கள் மலையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே தொடர். ஆனால் நடுவில் செங்கோட்டைக் கணவாய் இருக்கிறது, ஆரியங்காவுக்கு ரயில் போகிற வழி. நமக்கு அது ஜன்னலோர வேடிக்கை. உச்சியில், குளிர்ந்த சோலையிலேயே வாழ்கிற ஒரு பிராணிக்கு அந்தப் பள்ளத்தில் இறங்கி மறுபுறம் ஏற முடியாது. இந்தப் பக்கத்துக் கூட்டம் இங்கேயே இணை சேரும், அந்தப் பக்கத்தது அங்கேயே. குட்டிகளில் தற்செயலாக வரும் சின்னச் சின்ன மாற்றங்கள் ஒன்றோடொன்று கலக்காது. போதாததற்கு இரண்டு பக்கமும் பிழைப்பு வேறு. கரும்பாறையில் வெளிறிய பல்லி உட்கார்ந்தால் செம்போத்து கொத்திக்கொண்டு போய்விடும், கருத்தது தப்பித்து முட்டையிடும். வெளிறிய பாறையில் இதே கதை தலைகீழ். இப்படியே லட்சக்கணக்கான வருஷம் போனால், பிறகு இரண்டையும் ஒன்றாக விட்டாலும் சேராது, சேர்ந்தாலும் வம்சம் தழைக்காது. அப்போதுதான் இரண்டு இனம் என்கிறோம்.

கதை இல்லை இது. சோலைக்கிளி என்று ஒரு நீலக் குருவி உண்டு (பேர்தான் கிளி). கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் இருப்பது தனி இனம் என்று 2017இல் பிரித்தார்கள். 2019இல் ஒரே ஆய்வில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஆறு புதிய பல்லி இனங்களை விவரித்தார்கள், அதில் ஒன்று நம் மாஞ்சோலைப் பக்கத்தது.

"அப்போ என்னுடையதும்?" என்று எழுந்து உட்காராதீர்கள். உங்களுடையது அடிவாரத்துப் பல்லி. வெக்கையைத் தாங்குகிற பிராணிக்குக் கணவாய் அவ்வளவு பெரிய தடையில்லை. புள்ளியை நம்பவே நம்பாதீர்கள். இந்த வகைப் பல்லிகளில் ஆண் ஒரு நிறம், பெண் ஒரு நிறம், குஞ்சு இன்னொன்று. வால் அறுந்து முளைத்தால் அதன் நிறமும் மாறும்.

தடுப்பு இல்லாமல் புது இனம் வரவே வராதா என்று கேட்டால், வரும். செடிகளில் பாருங்கள். கோவில்பட்டிக் கரிசலில் கருங்கண்ணிப் பருத்தியும் கம்போடியாப் பருத்தியும் பக்கத்துப் பக்கத்து வயலில் நின்றிருக்கின்றன. நடுவில் மலையா இருக்கிறது? வரப்புதான். ஆனாலும் கலக்காது. செல்லுக்குள் பரம்பரைக் குணத்தைச் சுமக்கிற இழைகளான குரோமோசோம்கள் கருங்கண்ணிக்கு 26, கம்போடியாவுக்கு 52. எப்போதோ அமெரிக்கக் கண்டத்தில் இரண்டு பருத்தி இனங்கள் கலந்து, குரோமோசோம் இரட்டித்து உண்டான வம்சம்தான் கம்போடியா. அப்படி இரட்டித்த செடி தன் தாய்ச் செடியோடு சேர்ந்தாலே விதை சரியாகப் பிடிக்காது. ஓரிரு தலைமுறையிலேயே நடுவில் வேலி எழும்பிவிடுகிறது, லட்சம் வருஷம் வேண்டாம். என் வகுப்பில் பையன்கள் இதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டு வருவார்கள், அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். பல்லி விஷயத்தில் இதை மறந்துவிடலாம்.

அந்த ஆளிடம் வருவோம். மண்ணுளிப் பாம்புக்குக் கோடி ரூபாய் என்று நம் ஜில்லாக்காரர்கள் பணத்தையும் மானத்தையும் இழந்தது போதாதா? ஆய்வாளர் எவரும் வீட்டு வாசலில் வந்து தலைக்கு இவ்வளவு என்று பேசமாட்டார். எந்தப் பாறை, எந்தத் தேதி, என்ன உயரம் என்ற குறிப்பில்லாமல் பாட்டிலில் போட்ட பல்லி அறிவியலுக்குக் குப்பை. அவருக்கு அந்தக் குறிப்பு வேண்டியதில்லை என்றால் வேறு வியாபாரம் என்று அர்த்தம். பக்கத்திலேயே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். நாளை அவர் பெட்டியோடு மாட்டினால், பிடித்தது உங்கள் பாறையிலா காப்பகத்துக்குள்ளா என்று விளக்கிக்கொண்டு ஸ்டேஷனில் நிற்கப்போவது நீங்கள். 2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி, புது இனம் கண்டால் மாதிரியை அரசு குறித்த மாதிரிச் சேமிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். தரகர் பையில் அல்ல.

முறையாகப் போகிறவனுக்கு இங்கே என்ன மரியாதை என்று கேட்காதீர்கள். ஒரு முறை தவளை பார்க்க அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். கடிதம் கைக்கு வந்தபோது இரண்டு வடகிழக்குப் பருவமழை முடிந்திருந்தது. தரகர்கள் எந்த அனுமதிக்கும் காத்திருப்பதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

நீங்கள் செய்ய வேண்டியது, பிடிக்காமல் படம் எடுப்பது. பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, முதுகு, பக்கவாட்டு, முடிந்தால் தொண்டை என்று எடுங்கள். தேதி, நேரம், பாறை வெயிலிலா நிழலிலா என்று எழுதி, பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையில் கொடுங்கள். பெயர் வைக்க யாருக்கும் ஒரு பைசா கட்டணம் கிடையாது, விவரித்து எழுதுகிறவர் மனம் வைத்தால் அப்பா பெயரும் ஏறும். ஆனால் அது ஏற்கனவே பெயருள்ள பல்லியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அண்ணாச்சி.