அத்தைக்கு அசதி, கையில் டேப்லெட்

கே: அத்தைக்கு 74 வயது. எப்போது பார்த்தாலும் அசதி. கொழுந்தனார் சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப்லெட் அனுப்பி, வாரம் ஒருநாள் அதில் குழுச் சிகிச்சை என்கிறார். அத்தையோ, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்கிறார். அதில் என்னதான் நடக்கும்? (காரைக்குடி)

ப: விழுங்கும் டேப்லெட் இல்லை என்று முதலில் சொல்லிவிடுங்கள். ஆறேழு பெரியவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே வீடியோவில் கூடுவார்கள். அன்றாட வேலைகளைச் சுலபமாகச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் நடத்துவார். இருக்கும் சக்தியைச் சிக்கனமாகச் செலவழிப்பதுதான் பாடம். இதற்கென 1995-இல் வந்த ஒரு பாடத்திட்டம் 6 வாரம், வாரம் 2 மணி நேரம். அது நேரில் நடத்த எழுதியது. திரை முன்னால் அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் அதுவே அசதி. நடுவில் இடைவேளை கேளுங்கள்.

முக்கியமானது வீட்டுப்பாடம். காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தோம், அசதி பத்துக்கு எத்தனை என்று ஒரு வாரம் எழுத வேண்டும். வரவு செலவு எழுதிப் பழகிய ஊருக்கு இது புதிதா என்ன! நம் வீடுகளில் கணக்கு பெரும்பாலும் நடையில்தான் இடிக்கும். முகப்புக்கும் அடுப்படிக்கும் இடையே வளவை (நடு முற்றத்தை) கடந்து எத்தனை தடவை? கண்ணாடி, மாத்திரை, தண்ணீர்ச் செம்பு எல்லாம் உட்காரும் இடத்திலேயே இருக்கட்டும். காய் நறுக்க அரிவாள்மணையோடு தரையில் உட்கார்ந்து எழுவதை விட்டு, மேசையில் கத்தி. முறுக்குச் சுற்றுவதை இரண்டு நாளாகப் பிரிக்கலாம். "இதெல்லாம் எனக்குத் தெரியாதா" என்பார். மருமகள் சொன்னால் கேட்காததை, அதே வயதுக்காரர் திரையில் சொன்னால் கேட்பார். குழு எதற்கு என்றால் இதற்குத்தான்.

கே: உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் முடித்துவிடுகிறேன். அடுத்த இரண்டு நாள் படுக்கை. (தேவகோட்டை)

ப: கையில் காசு வந்த அன்றே செலவழிக்கிறீர்கள். களைத்த பிறகு படுப்பது ஓய்வில்லை, அபராதம். களைக்கும் முன்பே உட்காருங்கள்: அரை மணி வேலை, பத்து நிமிடம் ஓய்வு. நல்ல நாளிலும் இதே அளவுதான். அதுதான் கஷ்டம்.

கே: அப்பச்சிக்குக் காது மந்தம், கண்புரையும் உண்டு. அவருக்குச் சரிப்படுமா? (கானாடுகாத்தான்)

ப: ஹெட்போன், ஸ்டாண்ட், பெரிய எழுத்து. திரையில் ஒரே ஒரு பட்டன் மட்டும் வையுங்கள். வளவு வெளிச்சம் திரையில் அடிக்காத மூலையாகப் பார்த்து உட்கார வையுங்கள். முதல் இரண்டு வாரம் பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருந்தால் போதும். பிறகு நகர்ந்துவிட வேண்டும். மனம் விட்டுப் பேசும் இடம் அது.

கே: ரத்தப் பரிசோதனை தேவையா? (பள்ளத்தூர்)

ப: கட்டாயம், குழுவில் சேரும் முன்பே. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. தைராய்டு, சர்க்கரையும் பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சில பிரஷர் மாத்திரைகளும் அசதி தரும். அதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். திடீர் அசதியோடு மூச்சு வாங்கினால், நெஞ்சு அடைத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கே: மதியம் தூங்கலாமா? (கோட்டையூர்)

ப: அரை மணி. பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு வேண்டாம்.