மேனேஜரிடம் இருக்கும் பொறுமை சிலிண்டர் தம்பியிடம் ஏன் இல்லை?

கேள்வி: விடியற்காலை நாலரைக்கே எழுந்து வேதம் வாசித்து ஜெபித்த பிறகுதான் அடுப்படிக்கே போகிறேன். ஆனால் எட்டு மணிக்குள் எல்லாம் போய்விடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கேட்டை மறித்து பைக்கை நிறுத்தியிருப்பார். மாமியார் “நான் மாத்திரை போட்டேனா?” என்று நாலாவது தடவையாகக் கேட்பார்கள். போன வாரம் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி சில்லறை இல்லை என்றதற்குத் தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். “சர்ச்சுக்குப் போறவங்க பேசுற பேச்சா இது” என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். இத்தனைக்கும் ஆபீசில் மேனேஜர் என்ன சொன்னாலும் வாயைத் திறக்க மாட்டேன். நான் போலிக் கிறிஸ்தவளா?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

போலியாக இருந்தால் அந்தத் தம்பி முணுமுணுத்தது உங்களை இப்படி உறுத்தாது, அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். எனக்குப் பெரிதாகப்பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய மேனேஜர் விஷயம்தான். அவரிடம் வாயை அடக்க முடிகிறது என்றால் பொறுமை உங்களிடம் இருக்கிறது. பைக்காரரிடம் கத்தியதாகவும் நீங்கள் எழுதவில்லை. கத்தியது, முப்பது கிலோ பக்கம் வரும் சிலிண்டரைத் தோளில் தூக்கி வந்து, பதிலுக்கு ஒரு வார்த்தை சத்தமாகப் பேச முடியாமல் திரும்பிப்போன அந்தத் தம்பியிடம். திருப்பிக் கேட்க மாட்டார் என்று தெரிந்த இடத்தில்தான் நம் எல்லோருக்கும் நாக்கு நீள்கிறது. தேவனைத் துதிக்கிற அதே நாவால் அவருடைய சாயலில் உண்டாக்கப்பட்ட மனுஷரைச் சபிக்கிறோம் என்று யாக்கோபு தம் நிருபத்தில் எழுதியது இதைத்தான். ஆகவே “பொறுமை தாரும்” என்று பொதுவாக ஜெபிப்பதை விட, இன்றைக்கு நம் வாசலுக்கு யார் வரப்போகிறார் என்று ஆளை நினைத்து ஜெபியுங்கள்.

மாற்கு சுவிசேஷம் 6-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் சீஷர்கள் களைத்திருக்கிறார்கள், தனியே போய் இளைப்பாறலாம் வாருங்கள் என்று இயேசுவே அவர்களைப் படகில் கூட்டிப் போகிறார், பார்த்தால் ஜனங்கள் கரை வழியாக ஓடி முந்திக்கொண்டு அங்கே நிற்கிறார்கள். போட்ட திட்டம் மொத்தமும் கெட்டுப்போயிற்று, ஆனாலும் அவர்களை மேய்ப்பனில்லாத ஆடுகளாகப் பார்த்து மனதுருகினார், போதித்தார், சாப்பாடும் கொடுத்தார். பிரசங்கங்களில் வழக்கமாக இதோடு முடித்துவிடுகிறோம், ஆனால் அதற்கு அப்புறம் நடந்தது உங்களுக்கு ரொம்ப முக்கியம்: சீஷரைப் படகேற்றிவிட்டு, ஜனங்களை அனுப்பிவிட்டு, ஜெபம்பண்ண மலைக்குப் போனார். தள்ளிப்போன தனிமையை அவர் விட்டுவிடவில்லை.

நாலரைக்கு எழுகிறீர்கள், சரி, படுப்பது எத்தனை மணிக்கு? பதினொன்று தாண்டுகிறது என்றால் அந்த எரிச்சலில் பாதி தூக்கக் குறைவுதான். செத்துப்போனால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கண்டிக்கவில்லை, அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், அவர் மறுபடியும் படுத்துத் தூங்கினார். அரை மணி நேரம் கூடத் தூங்கி எழுந்து ஜெபித்தால் கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பைக் விஷயத்தைக் காலையில் அவசரத்தில் பேசாதீர்கள், சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் “அண்ணே, எட்டு மணிக்கு நான் வண்டி எடுக்கணும், கேட்டை மட்டும் விட்டு நிறுத்துங்க” என்று சொல்லிவிடுங்கள். வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் புழுங்குவது தயவு ஆகாது, அந்தப் புழுக்கம் வேறு யார் தலையிலாவது விடியும். மாமியாருக்கு நாள்வாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கிக் கொடுங்கள், அவர்களே திறந்து பார்த்துக்கொள்வார்கள். இந்த மறதி புதிதாக வந்ததென்றால் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், வயசாயிற்று என்று விட்டுவிட வேண்டாம்.

அப்புறம் அந்தத் தம்பி. சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணியட்டும் என்றார் பவுல், நமக்கு ஒரு வாரம் ஆகிவிட்டது, அடுத்த சிலிண்டர் வரும்வரை இன்னும் தள்ளிப்போட வேண்டாம். அவர் உங்கள் தெருப் பக்கம் வரும்போது கூப்பிட்டு, கத்திய அதே வாசலில் நின்று, “தம்பி, அன்னைக்கு நான் பேசினது தப்பு, மன்னிச்சிருங்க” என்று சொல்லுங்கள். உடம்பு சரியில்லை, டென்ஷன் என்று காரணம் எதையும் கூடவே சேர்க்காதீர்கள். அவர் முகம் கொடுக்காமல் போனாலும் போகட்டும், அடுத்த தடவைக்குச் சில்லறையை மட்டும் எடுத்து வைத்திருங்கள்.