பதில்: ஆடிஷனில் பாதி ஆட்டத்தில் ஸ்டெப் மறந்துபோகிறது

இன்னும் நூறு முறை ஆடிப் பார்ப்பதால் இது தீராது. இன்றைக்கே கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஆடத் தொடங்குங்கள்.

வீட்டில் 90 வினாடி நடனமும் பிசகாமல் வருகிறது, நாலு பேர் முன்னால் பாதியில் மறந்துபோகிறது என்கிறீர்கள். பயம் ஒரு பங்குதான். கண்ணாடி பார்த்தே பழகியவர்களுக்கு அடுத்த அசைவைக் கண்தான் எடுத்துக்கொடுக்கும். ஆடிஷனில் எதிரே நடுவர்களும் கேமராவும் இருக்கும். அந்தத் துணை போய்விடும்.

அப்புறம், தப்பு வந்ததும் பாட்டை முதலிலிருந்து போடுவீர்கள், இல்லையா? ஆரம்பம் மட்டும் ஊறிப்போய், பின்பாதி அரைகுறையாக நின்றுவிடும்.

சோதித்துப் பார்க்க:

1. வேறொருவர் பாட்டை ஏதாவது ஓர் இடத்திலிருந்து போடட்டும். எட்டு எண்ணுவதற்குள் உங்களால் சேர்ந்துகொள்ள முடிகிறதா? எங்கே முடியவில்லையோ, அந்தத் துண்டை மட்டும் மெதுவான வேகத்தில் பழகுங்கள்.

2. முழுதாக ஆடி மொபைலில் பதிவு செய்யுங்கள். தப்பினாலும் நிறுத்தாதீர்கள், தாளத்தை விடாமல் அடுத்த இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து எந்த ஸ்டெப் வரவேண்டும் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. பெரும்பாலும் முகம்தான் காட்டிக்கொடுக்கும்.

மூச்சு வாங்குவதால் மறக்கிறது என்றால் கதை வேறு. அப்போது கஷ்டமான ஸ்டெப் இரண்டைக் கழற்றிவிடுவதே மேல்.

முழுப் பாட்டுக்கும் ஆட விடுவார்கள் என்று நம்பவும் வேண்டாம், பாதியிலேயே கை காட்டி நிறுத்திவிடலாம். உங்கள் நல்ல பகுதி கடைசியில் இருந்தால் இப்போதே முன்னால் கொண்டுவாருங்கள். கடைசி இரண்டு மூன்று நாளில் எதையும் மாற்றாதீர்கள்.